திரும்பிப் பார்க்காதவள்

பிரிக்பீல்ட்ஸ்,
16 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமரை எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகு வலி குறைந்ததா? லோரி ஓட்டும்போது நான் வாங்கிக் கொடுத்த பெல்ட்டைக் கட்டுகிறீர்களா, இல்லை அது இன்னும் அலமாரியில்தான் தொங்குகிறதா?

போன வாரம் வெள்ளிக்கிழமை நடந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். திருச்சிக்குப் போன எங்கள் விமானத்தில், உள்ளே காற்றழுத்தத்தைச் சரியாக வைத்திருக்கும் கருவி நடுவழியில் பழுதாகிவிட்டது. கேப்டன் திருப்பிக் கொண்டுவந்து செப்பாங் விமான நிலையத்திலேயே இறக்கிவிட்டார். அன்று நான் அனுப்பிய 'பத்திரமாக இருக்கிறேன்' என்ற மெசேஜ் உண்மைதான்.

அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய குரல் செய்திகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றையும் கேட்க முடியவில்லை. என் போனில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது. அறையில் கூட இருக்கும் பெண்ணும் பகலில்தான் தூங்குவாள். உங்களுக்கு டைப் செய்ய வராது என்று தெரியும். நான் சிந்தோக்கில் படித்தபோது மாதம் தவறாமல் ஹாஸ்டலுக்குக் கடிதம் போட்டீர்களே, அதுபோல் எழுதுங்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போதைக்கு என்னைப் பார்க்க வர வேண்டாம். விசாரணை, மறுபயிற்சி என்று எந்த நேரத்தில் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
தாமரை


பண்டமாரான்,
22 மார்ச் 2024

அன்பு மகள் தாமரைக்கு,

அப்பா எழுதுவது. என் முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. பெல்ட் அலமாரியில் இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

ஒரு கொமுட்டர் ரயில் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை ஸ்டாம்பு ஒட்ட வைக்கிறாய். தபால் நிலையத்தில் இருந்த மலாய்க்காரப் பெண், "பிரிக்பீல்ட்ஸுக்கா அங்கிள்?" என்று இரண்டு தடவை கேட்டாள். என் மகள் பட்டதாரி, அவளுக்கு இப்படி எழுதினால்தான் பிடிக்கும் என்றேன். சிரித்தாள்.

இங்கே ஒரே கூத்து. அந்த விமானத்தில் யாரோ ஒருவன் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. ஒட்டுக்கடையில் சபாபதிதான் முதலில் காட்டினான். நீ யூனிபார்மில் நடந்து வருகிறாய். சுற்றிலும் அத்தனை பேரும் கத்துகிறார்கள், அழுகிறார்கள். நீ ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, ஆக்சிஜன் முகமூடியைச் சரி செய்துகொண்டே போகிறாய். "அண்ணே, உங்க மக என்னா கல்லா? மூஞ்சில ஒரு சுருக்கம் இல்ல லா! என் வீட்டுக்காரி கரப்பான்பூச்சிக்கே இதவிட அதிகமா கத்துவா" என்றான் சபாபதி. கடைக்காரன் அன்று என்னிடம் தேநீருக்குக் காசு வாங்கவில்லை. கோயில் கமிட்டிக்குச் சபாபதிதான் இப்போது செயலாளர். உனக்கு மாலை போட வேண்டும் என்று தீர்மானமே போட்டுவிட்டான்.

உன் அம்மா இருந்திருந்தால் அந்த வீடியோவைப் பார்த்திருக்கவே மாட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பேப்பரில் நாலு வரிதான் போட்டிருக்கிறான். என்ன நடந்தது என்று நீ எழுது.

அப்பா
தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அன்று இருந்த சளிகூட விட்டுவிட்டது. நீங்கள் மழையில் நனையாமல் இருங்கள்.

கேட்டீர்கள், எழுதுகிறேன். அன்று காலையே எனக்குச் சளி பிடித்திருந்தது. சளியோடு பறக்கக் கூடாது என்பது விதி. ஆனால் வேலை உறுதியாகும் முன்பு எம்சி எடுத்து லீவு போட்டால் உறுதிக் கடிதம் தள்ளிப்போகும். அதனால் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு ஏறினேன்.

கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தோம். சாப்பாட்டுத் தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தோம். ரமணி அக்கா திடீரென்று மேலே பார்த்தார். அவர்தான் எங்கள் குழுவுக்குத் தலைமை, பல வருடமாகப் பறப்பவர். அவர் பார்த்த உடனே தலைக்கு மேலிருந்த மூடிகள் திறந்து மஞ்சள் முகமூடிகள் தொங்கின. உள்ளே லேசாகப் பனிமூட்டம் போல வந்தது. குளிர்ந்தது.

பக்கத்தில் எந்த முகமூடி தொங்குகிறதோ அதை இழுத்து நீ முதலில் போட்டுக்கொள், அங்கேயே உட்கார். இதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஒவ்வொரு வரிசையிலும் இருக்கைகளைவிட ஒரு முகமூடி கூடுதலாக இருக்கும். நான் நின்ற வரிசையில் ஓர் அம்மா இருந்தார். அவர் மடியில் பாதியும் கைப்பிடியில் பாதியுமாக உட்கார்ந்து அந்தக் கூடுதல் முகமூடியைப் போட்டுக்கொண்டேன். அவர் என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். காலடியில் ரசமும் தயிரும் ஓடின.

விமானம் மூக்கைச் சாய்த்து இறங்கத் தொடங்கியது. மூச்சு விட முடிகிற உயரத்துக்கு வேகமாக வர வேண்டும் என்பதற்காகக் கேப்டன் வேண்டுமென்றே செய்வது அது. பயணிகளுக்குத் தெரியாது. விழுகிறோம் என்றே நினைப்பார்கள். அப்போது எனக்குக் காது அடைத்தது. இறங்கும்போது எல்லாருக்கும் அடைக்கும்.

விமானம் நேரானதும் நாங்கள் சிறிய ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தோம். பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும். இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் ரமணி அக்காவுக்கு. அவர் ஒரு குழந்தைக்காக வெகு பின்னால் நின்றுவிட்டார். நான் போய்க்கொண்டே இருந்தேன். முகமூடிகளுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. ஒரே அமைதி. கனவில் நடப்பது போலத்தான் நடந்தேன்.

அவ்வளவுதான் அப்பா. மாலையெல்லாம் வேண்டாம் என்று சபாபதி மாமாவிடம் சொல்லுங்கள்.

தாமரை


பண்டமாரான்,
15 ஏப்ரல் 2024

அன்பு மகள் தாமரைக்கு,

நேற்று சித்திரைப் புத்தாண்டு. பாயசம் நானே வைத்தேன். ஜவ்வரிசி பாறையாகிவிட்டது. நீ வருவாய் என்று மத்தியானம் வரை சாப்பிடாமல் இருந்தேன். வேலை என்றால் வேலைதான், குறை சொல்லவில்லை.

உன் கடிதத்தை ஒட்டுக்கடையில் வாசித்துக் காட்டினேன். ரசமும் தயிரும் ஓடியது என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒன்று புரியவில்லை. ஒரே அமைதி என்று எழுதியிருக்கிறாய். வீடியோவில் சத்தத்தைக் குறைக்காமல் பார்க்கவே முடியாது. ஒரு பெண் முருகா முருகா என்று கத்துகிறாள். ஒரு குழந்தை வீறிடுகிறது. அதை அமைதி என்கிறாயே. பயத்தில் அப்படித் தோன்றியிருக்குமோ?

கோயில் கமிட்டி வைகாசியில் ஒரு நாள் பார்த்திருக்கிறது. நீ வேண்டாம் என்றாலும் சபாபதி விட மாட்டான். பேனர் அடிக்கப் படம் கேட்கிறான். யூனிபார்மில் இருப்பதாக ஒன்று அனுப்பு.

காய்கறி சேர்த்துச் சாப்பிடு. போன் ஸ்பீக்கரை இன்னுமா மாற்றவில்லை?

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்,
6 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு நேரத்துக்குத் தூக்கம் வருகிறது. தேவைக்கு அதிகமாகவே வருகிறது.

வேலை உறுதியான கடிதம் வந்துவிட்டது. அந்த வீடியோவால் சீக்கிரமே கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் என்னைப் படம் எடுத்தார்கள். மேலாளர் ஏதோ பேசினார். எல்லாரும் கை தட்டியபோது நானும் தட்டினேன். பிறகுதான் அது எனக்காகத் தட்டியது என்று தெரிந்தது. அடக்கமான பெண் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

மறுபடி பறப்பது ஜூலை நடுவில். அதுவரை அலுவலகத்தில் காகிதங்களை அடுக்குகிறேன். அது எனக்குப் பொருந்துகிறது.

மாலையில் கீழே இறங்கி நடக்கிறேன். பூ கட்டுகிற அக்காக்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்து சிரிக்கிறார்கள். கடை வாசலில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போனால் நெஞ்சில் அதிர்கிறது, என்ன பாட்டு என்று நான் நின்று கவனிப்பதில்லை. சாலையைக் கடக்கும்போது நன்றாகப் பார்த்துத்தான் கடக்கிறேன், பயப்படாதீர்கள்.

படம் அனுப்பவில்லை. மன்னியுங்கள். வைகாசியில் என்னால் வர முடியாது.

தாமரை


பண்டமாரான்,
20 மே 2024

அன்பு மகள் தாமரைக்கு,

நீ சுகமா? வேலை உறுதியானதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். அதற்குள் வேறு ஒன்று வந்துவிட்டது.

பந்திங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் ரியாஸ் என்பவன் வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறான். நம் தமிழ்நாட்டுக்காரன், வேலை பெர்மிட்டில் வந்தவன். அன்று அந்த விமானத்தில் ஊருக்குப் போனவன். அவனோடு வேலை செய்யும் ஷம்சுதீன் என்பவர் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கிறார். ரொட்டி சானாய் போடும் மாஸ்டர். அவர் இழுத்த வேகத்தில் முகமூடி குழாயோடு கழன்று கையில் வந்துவிட்டதாம். கூடுதலாக ஒன்று தொங்கும் என்பது இவர்களுக்குத் தெரியாது. மயங்கிச் சாய்ந்துவிட்டார். ரியாஸ் எழுதியதைச் சபாபதி சத்தமாகப் படித்தான்: "எல்லாரும் அந்த அக்காவ வீரம்னு சொல்றீங்க. நான் மூணு தடவ கூப்பிட்டேன். கை நீட்டுற தூரம். திரும்பிக்கூடப் பார்க்கல. மாஸ்டருக்கு இன்னைக்கு வரைக்கும் வலது கை தூக்க வரல."

சபாபதி போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு ஒருவன், "பெர்மிட்காரன்னா திரும்பிப் பார்க்க மாட்டாங்க போல" என்றான். நான் கிளாஸைத் தூக்கி அடித்துவிட்டேன். அவன் மேல் படவில்லை. சுவரில்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து வீடியோவை மறுபடி போட்டேன். இத்தனை நாள் உன் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கூப்பிடுகிறான். அக்கா, அக்கா, இவருக்கு வரலக்கா என்கிறான். தெளிவாக இருக்கிறது.

பேனர் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். சபாபதி ஏற்கெனவே நிறுத்தியிருந்தான்.

தெருவில் பூனை கத்தினால்கூட நின்று பார்க்கிற பிள்ளை நீ. என்ன நடந்தது?

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்,
12 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருங்கள். கையில் கண்ணாடி குத்தவில்லையே?

ரியாஸ் எழுதியதைப் படித்தேன். ஷம்சுதீனுக்குக் கடைசியில் ஆக்சிஜன் கொடுத்தது ரமணி அக்காதான். அந்தத் தாமதத்தால்தான் கை இப்படி ஆனதா என்று டாக்டர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். அவர் ஊரிலேயே இருக்கிறார். ரியாஸ் மட்டும் வேலைக்குத் திரும்பி வந்துவிட்டார்.

யாருக்கும் பதில் எழுதக் கூடாது என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்களாம். அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ரியாஸ் கூப்பிட்டதை நான் கவனிக்கவில்லை. அதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. ஜூலை பதினைந்தாம் தேதி சென்னைக்குப் பறக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தாமரை


பண்டமாரான்,
24 ஜூன் 2024

அன்பு மகள் தாமரைக்கு,

உன் உடம்பு எப்படி என்று இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை. நேற்று பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லோரி ஓட்டம் இல்லை. சொல்லாமல் கொமுட்டர் ஏறி வந்தேன். நாலு கேள்வி நன்றாகக் கேட்க வேண்டும் என்ற கோபத்தோடுதான் வந்தேன். உன் கட்டடத்துக்கு எதிரே பூக்கடை ஓரமாக நின்றேன். நீ துணிப்பையோடு கீழே வந்தாய். மெலிந்திருந்தாய். "தாமரை" என்று கூப்பிட்டேன். பஸ் ஒன்று போனது. கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

பின்னாலேயே வந்தேன். "தாமரை, அப்பா வந்திருக்கேன்மா" என்றேன். பூ கட்டுகிற பெண் திரும்பினாள். மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தவன் திரும்பினான். உன்னைத் தவிர அந்தத் தெருவே திரும்பியது. நீ சிவப்பு விளக்கில் நின்றாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். உன் சட்டையில் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. மறுபடியும் பெயரைச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன்.

விளக்கு மாறியதும் நீ போய்விட்டாய். பூக்கடைப் பெண், "என்னாண்ணே, மக கோவமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது.

ஓடி வந்து உன் முன்னால் நின்றிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. முன்னால் வந்தால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. அடுத்த கொமுட்டரில் திரும்பிவிட்டேன். ஷா ஆலாம் ஸ்டேஷன் வரை எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

எத்தனை நாளாக?

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்,
29 ஜூன் 2024

அப்பாவுக்கு,

அன்றிலிருந்துதான்.

மூக்கு அடைத்திருந்ததால் காதுக்குள் அழுத்தம் மாறாமல் நின்றுவிட்டது. விமானம் இறங்கியபோது முதலில் ஊசி குத்தியது போல இருந்தது. பிறகு ஒரு வெதுவெதுப்பு. பிறகு ஒன்றுமில்லை. இப்போது வலது காதில் அடுத்த வீட்டில் பேசுவது போலக் கேட்கிறது. இடது காதில் எதுவும் இல்லை.

அன்று இறங்கியதும் எங்களை வரிசையாக உட்காரவைத்து ஒரு டாக்டர் ஏதோ கேட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதற்குப் பிறகு ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். நான் அதிகம் பேசாதவள் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டேன். போன் மட்டும்தான் முடியவில்லை.

ரியாஸ் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குப் பின்னால் ஒருவர் கூப்பிட்டார் என்பதே தெரியும். வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அவர் முகமூடியை விலக்கியிருக்கிறார், வாய் அசைகிறது. நான் நடந்து போகிறேன். யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் பதினைந்தாம் தேதி ஏற வேண்டும். இன்டர்காமை வலது காதோடு அழுத்தி வைத்தால் கேட்டுவிடும் என்று நினைக்கிறேன்.

சபாபதி மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

தாமரை


பண்டமாரான்,
3 ஜூலை 2024

தாமரைம்மா,

நான் சாப்பிட்டேன். நீயும் சாப்பிடு.

சபாபதியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உன் கம்பெனிக்கும் நான் சொல்லப் போவதில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

பதினைந்தாம் தேதி நீ ஏறினால், அந்த விமானத்தில் எவனாவது உன்னைக் கூப்பிடுவான். இந்தத் தடவை உனக்குக் கேட்காது என்று உனக்கே தெரியும். அன்று தெரியாது. எனக்கு இது ஒன்றுதான் தோன்றுகிறது. இதை எழுத மூன்று காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

வேலை போனால் போகட்டும் என்று என்னால் எழுத முடியவில்லை. உன்னைப் படிக்க வைத்தது எனக்கு மறக்கவில்லை. போகக் கூடாதுதான். ஆனாலும் ஏறாதே.

அப்பா


பிரிக்பீல்ட்ஸ்,
13 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதவில்லை. 'ஏறவில்லை' என்று மெசேஜ் மட்டும் அனுப்பினேன். அதைப் படித்திருப்பீர்கள்.

முதலில் ரமணி அக்காவிடம்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, "பைத்தியமா நீ? எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா லா?" என்றார். அவர்தான் அலுவலகத்துக்கும் டாக்டரிடமும் கூட வந்தார்.

வலது காதின் சவ்வை ஒட்டுப் போட்டுச் சரிசெய்யலாமாம். இடது காதுக்கு உடனே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் சில நாட்களுக்குள் வந்திருந்தால் பார்த்திருக்கலாமாம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அவர் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். கையெழுத்து அழகாக இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி பறக்க முடியாது. சளியோடு ஏறியதற்கும் மறைத்ததற்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். தரையில் வேலை இருந்தால் கூப்பிடுவார்களாம். யூனிபார்மைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் பஸ்ஸில் பந்திங் போனேன், ரியாஸ் வேலை செய்யும் கடைக்கு. மத்தியானக் கூட்டம் குறைந்த நேரம். ரியாஸ் என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். எனக்கு அன்று காது கேட்கவில்லை என்று சொன்னேன். அதற்காகப் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் மேசையைத் துடைக்கத் தொடங்கினார். தலையைக் குனிந்தபடியே பேசினார். நெடுநேரம் பேசினார். கன்னம் அசைவது மட்டும் தெரிந்தது. துணி அந்த ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது. நடுவில் ஒருமுறை புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மன்னித்தாரா, திட்டினாரா, மாஸ்டரைப் பற்றிச் சொன்னாரா, எனக்குத் தெரியாது.

தலையாட்டியிருக்கலாம். கழுத்து அதற்குத் தயாராகவே இருந்தது. ஆட்டவில்லை. "அண்ணே, கொஞ்சம் நிமிர்ந்து சொல்லுங்க. எனக்கு இன்னமும் கேட்காது" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். மறுபடி அதையெல்லாம் சொல்ல அவரால் முடியவில்லை போல.

"ஒண்ணுமில்லக்கா. சாப்டீங்களா?" என்றார்.

இல்லை என்றேன். தட்டு வைத்தார். சாப்பிட்டேன். ரொட்டியை வேறு யாரோ போட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன். ஸ்டேஷனில் கூட்டம் இருக்கும். அங்கே என்னைக் கூப்பிடாதீர்கள் அப்பா. முன்னால் வந்து நில்லுங்கள்.

தாமரை